தட்டில் வந்த ஐம்பது பவுண்டு

"இதுல ராணி இல்லையே சார்" என்று சொல்லி, அந்த ஐம்பது பவுண்டு நோட்டைக் கண்ணாடித் தடுப்பின் கீழ்ச் சந்து வழியாகத் திருப்பித் தள்ளினாள் ஜெயப்பிரியா.

வேலப்பன்சாவடியில், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளை நம்பித் திறக்கப்பட்ட பணமாற்றுக் கடை அது. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட தட்சிணாமூர்த்தியோ ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். திருகாணி முதல் அச்சாணி வரை அளந்து பார்த்தே தலை நரைத்தவர். இருக்க வேண்டிய ஒன்று ஒரு பொருளில் இல்லை என்று தெரிந்துவிட்டால், அதன் காரணம் தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

"ராணி எங்கேம்மா போனாங்க?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? லண்டன் நோட்டுன்னா ராணி இருப்பாங்க. புது நோட்டுல ராஜா. இதுல யாரோ சுருட்டை முடிக்காரர் இருக்கார்."

"அப்போ கள்ள நோட்டா?"

"அப்படி நான் சொல்லலை சார்."

"நல்ல நோட்டா?"

"அப்படியும் சொல்லலை. நாங்க எடுக்கறதில்லை, அவ்வளவுதான். அடுத்தவங்களுக்கு வழி விடுங்க."

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் கனிமொழியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியபோது, சம்பந்தி வீட்டாரின் தாம்பூலத் தட்டில், வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவே ஒரு கவரில் வந்து சேர்ந்தது அந்த நோட்டு. மாப்பிள்ளை ரோஹித் லண்டனில் கணினிப் பணி பார்த்துத் திரும்பியவர். பெற்றோருடன் வானகரத்தில் அடுக்குமாடியில் வசிப்பவர். "பவுண்டாவே வெச்சிருக்காங்க" என்று தட்சிணாமூர்த்தியின் மனைவி சுலோசனா, தொழிற்சாலைக் குடியிருப்பு முழுவதும் வீடு வீடாகச் சென்று அறிவித்திருந்தார். அந்தப் பெருமையை ரூபாயாக்கி, மேற்கொண்டு கொஞ்சம் போட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் எடுக்கலாம் என்று வந்த இடத்தில்தான் ராணி காணாமற்போனார்.

வைத்தவர்களையே கேட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தாலும் பார்க்கலாம். தட்டில் வைத்த பணத்துக்கு விளக்கம் கேட்டவன் சம்பந்தி உறவில் நீடித்ததாகச் சரித்திரம் இல்லை.

வீடு திரும்பியதும், நோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். நீர்க்குறி இருந்தது. பாதுகாப்பு இழை இருந்தது. அச்சு சுத்தமாக இருந்தது. இத்தனை நேர்த்தியாக ஒருவன் பொய் சொல்ல முடியுமா என்று வியந்துகொண்டிருந்தபோது சுலோசனாவின் தம்பி கிருபாகரன் உள்ளே வந்தார். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டுபவர். பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற உரிமையில், நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுத் தட்டை வெற்றிலை முதல் பணக் கவர் வரை முன்னின்று அடுக்கியவரும் அவரே.

நோட்டைக் கண்டதும் கிருபாகரன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"இது எங்கேர்ந்து வந்தது மாமா?"

"சம்பந்தி வீட்டுத் தட்டுலேர்ந்து."

"அவங்க தட்டுலேர்ந்தா?"

"அதைத்தானே சொல்றேன்."

"அவங்க வெச்ச தட்டு?"

"நீ என்னடா, எங்க ஆபீஸ் ஆடிட்டரை விட மோசமா கேக்கறே?"

கிருபாகரன் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, சுலோசனா கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கடைக்காரப் பெண் சொன்னதைத் தட்சிணாமூர்த்தி விவரித்தார்.

"விடுங்க மாமா. எப்படியும் அஞ்சாயிரத்துக்கு மேல தேறும். யாருக்கும் நஷ்டமில்லை."

"நஷ்டத்துக்காகவா பாக்கறேன்? ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? பீரோவுல வெச்சுப் பூட்டுங்க."

"இவன் ஒருத்தன், எல்லாத்துக்கும் பயம்" என்றார் சுலோசனா.

மறுநாள் தட்சிணாமூர்த்தி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தாம் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குச் சென்றார். அங்கே அதிகாரி பொறுமைசாலி. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"இது ஸ்காட்லாந்து நோட்டு சார். அந்த ஊர்ல இருக்கற தனியார் வங்கியே அச்சடிச்சு விடறது. கள்ள நோட்டெல்லாம் இல்லை."

தட்சிணாமூர்த்திக்கு உயிர் வந்தது. "அப்போ செல்லும்?"

"சட்டப்படி கேட்டா, இங்கிலாந்துல இதை வாங்கிக்கணும்னு யாருக்கும் கட்டாயமில்லை."

"ஸ்காட்லாந்துல?"

"அங்கேயும் இல்லை."

"அவங்க அச்சடிச்ச நோட்டு, அவங்க ஊர்லயே சட்டப்படி செல்லாதா?"

"அங்கே எந்தத் தாள் நோட்டுக்குமே அந்தச் சட்டம் இல்லை சார். நாணயத்துக்கு மட்டும்தான்."

இதைக் கேட்டதும் வந்த காரியமே தட்சிணாமூர்த்திக்கு மறந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் எப்படிக் கத்திரிக்காய் வாங்கறாங்க?"

"நீட்டறாங்க, வாங்கிக்கறாங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தான்."

"நம்பியா?"

"நம்பித்தான். ஆனா இது பழைய காகித நோட்டு. இப்போ அங்கே எல்லாம் பிளாஸ்டிக். இதைப் புழக்கத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. அச்சடிச்ச வங்கிகிட்டயே கொடுத்தா மாத்திக் கொடுப்பாங்க."

"அந்த வங்கிக்குக் கிளை?"

"இருக்கு. ஸ்காட்லாந்துல."

கள்ளமும் இல்லை, செல்லவும் செல்லாது என்ற விசித்திரப் பொருளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வந்த தட்சிணாமூர்த்திக்கு, வழியிலேயே ஓர் ஐயம் முளைத்து, கதவைத் திறப்பதற்குள் மரமாகிவிட்டிருந்தது. லண்டனில் இருந்த பிள்ளையிடம் ஸ்காட்லாந்து நோட்டு ஏது? ஒருவேளை பிள்ளை லண்டனிலேயே இருந்ததில்லையோ? அல்லது, எங்கும் மாற்ற முடியாத நோட்டு என்று தெரிந்தே சம்பந்தி தம் தலையில் கட்டிவிட்டாரோ?

கல்யாணப் பத்திரிகை அந்த வாரம்தான் பூந்தமல்லி அச்சகத்தில் ஏறவிருந்தது. ஏறிவிட்டால் பின்வாங்க முடியாது. எனவே, விஷயத்தைத் தொடாமல் விஷயத்தை அறிவது என்ற தீர்மானத்துடன் சம்பந்தி பார்த்தசாரதியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சம்பந்தி, சௌக்கியமா?"

"இருக்கோம்" என்று பட்டும் படாமலும் பதில் வந்தது. தட்டு மாற்றிய நாளிலிருந்தே அவர்கள் பேச்சில் பழைய கலகலப்பு இல்லை என்பது தட்சிணாமூர்த்திக்கு இப்போது உறைத்தது.

"மாப்பிள்ளை லண்டன்ல இருந்தப்போ அக்கம்பக்கம் போயிருக்காரா? ஸ்காட்லாந்து மாதிரி?"

"ஆபீஸ் உண்டு, ரூம் உண்டுன்னு இருந்த பையன். லண்டனைத் தாண்டினதே இல்லை. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா, பொது அறிவுக்குத்தான்."

மறுமுனையில் பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார்.

"நானும் பொதுவா ஒண்ணு சொல்றேன் சம்பந்தி. தட்டுல வெச்சதுக்கு ஒரு மரியாதை இருக்கு. அதை வெச்சு அடுத்தவங்க மனசை நோகடிக்கக் கூடாது." அத்துடன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

தட்சிணாமூர்த்தி கைப்பேசியையே வெறித்துப் பார்த்தார். "நோட்டைப் பத்தி நான் வாயே திறக்கலை. அதுக்குள்ள இவருக்கு ஏன் கோவம் வருது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது சுலோ."

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் அன்றும் வந்திருந்த கிருபாகரன். "அந்த நோட்டை என்கிட்ட கொடுங்க. எவனாவது ஸ்காட்லாந்துக்காரன் கார்ல ஏறினா மாத்தித் தந்துடறேன். இதோட இந்தப் பேச்சை விட்டுடுவோம்."

"சாட்சிப் பொருளைக் கொடுக்கச் சொல்றியா?"

கிருபாகரன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

அதுவரை தன் அறையில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்த கனிமொழி எழுந்து வந்தாள். "இவ்வளவு சுத்துவானேன்? ரோஹித்தையே கேட்டுடறேன்" என்று நோட்டைப் படமெடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது. அவள் முகம் மாறிற்று.

"என்னம்மா சொல்றார்?"

"'இது என்ன நோட்டு, நான் பார்த்ததே இல்லையே'ன்னு கேக்கறார்."

"பாத்தியா? வெச்சவங்களே பாத்ததில்லையாம்" என்ற தட்சிணாமூர்த்தி, அச்சகத்துக்குத் தகவல் சொல்லிப் பத்திரிகை வேலையை நிறுத்தினார்.

"நோட்டு செல்லலைன்னா மாப்பிள்ளையும் செல்லாதாப்பா?" என்றாள் கனிமொழி. அவள் குரலில் விளையாட்டு இல்லை. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

தட்சிணாமூர்த்தியால் மகளின் கண்களைப் பார்க்க முடியவில்லை. "பிடிச்சிருந்தாலும் பரிசோதிக்காம அனுப்பக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் ரோஹித்திடமிருந்து அடுத்த செய்தி வந்துவிட்டது. படத்தைப் பார்த்த அவர் பெற்றோர், கள்ள நோட்டு வைத்ததாகப் பழி சுமத்துகிறார்கள் என்று கொதித்து, ஆவடிக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

தட்சிணாமூர்த்தி பதறவில்லை. ஆதாரம் இருக்கையில் அவர் என்றுமே பதறியதில்லை. நிச்சயதார்த்தத்தைப் படமெடுத்த கஜபதியை அழைத்து, தட்டு மாற்றிய படத்துடன் உடனே வருமாறு பணித்தார்.

வானகரத்துக் கார் வந்து நின்றது. பார்த்தசாரதி உட்காரவில்லை. அவர் மனைவி சுசீலா கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுதான் நாங்க வெச்சது. பத்தாயிரத்தொண்ணு. என் கையால குங்குமம் தொட்டு வெச்ச கவர். ஊட்டுக்குப் போய்ப் பாத்தா தட்டுல அப்படியே இருக்கு. எங்க பணம் வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாமே. பிரிச்சுக்கூடப் பாக்காம திருப்பிக் கொடுக்கறது எந்த ஊர் மரியாதை?"

"நாங்க திருப்பிக் கொடுத்தோமா?" என்றார் சுலோசனா. "உங்க தட்டுல வந்தது இந்த நோட்டுங்க."

"அதை நாங்க கண்ணாலயே பாத்ததில்லை."

"நாங்க வெச்ச ஐயாயிரத்தொண்ணு?" என்று இடைமறித்தார் தட்சிணாமூர்த்தி. "என் பணம், கிருபா கையால கவர்ல போட்டு வெச்சது."

"அதுவும் எங்களுக்கு வந்து சேரலை" என்றார் பார்த்தசாரதி.

"நீ சொல்லு கிருபா. வெச்சியா இல்லையா?"

வாசற்படியருகே செருப்பைக் கழற்றாமலே நின்றிருந்த கிருபாகரன் தலையை ஆட்டினார். அது மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா என்று எவராலும் நிச்சயிக்க இயலவில்லை.

"மண்டபத்துத் தட்டெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும்" என்றார் சுசீலா. "ஆனா என் கவர் எனக்குத் தெரியாதா?"

அந்த வேளையில் கஜபதி மடிக்கணினியுடன் வந்து சேர்ந்தார். "இன்னா சார், இம்மா அவசரம்? ஆல்பம் இன்னும் ரெடியாவல."

"ஆல்பம் வேண்டாம். தட்டு மாத்தின படத்தைக் காட்டுங்க."

திரையில் படம் விரிந்தது. பளிச்சென்ற வெளிச்சத்தில், கனிமொழியும் ரோஹித்தும் பின்னால் நின்று சிரிக்க, தட்சிணாமூர்த்தியும் பார்த்தசாரதியும் தட்டுகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தனர். தட்சிணாமூர்த்தி பூதக்கண்ணாடியைத் திரைமேல் வைத்தார்.

"நல்லா பாருங்க சம்பந்தி. இந்தத் தட்டு உங்க கையிலேர்ந்து என் கைக்கு வருது. இதுலதான் இந்த நோட்டு இருந்தது. மறுக்க முடியுமா?"

பார்த்தசாரதி குனிந்து நெடுநேரம் பார்த்தார். மறுக்க முடியவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. கனிமொழி தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

கஜபதிக்கு எதுவும் விளங்கவில்லை. தம் தொழிலில்தான் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"படத்துல இன்னா சார் தப்பு கீது? மொத வாட்டி நீங்க தட்டு மாத்துனப்போ ஃப்ளாஷ் அடிக்கல. 'இன்னொரு வாட்டி மாத்திக்கங்க'ன்னு நான் சொன்னதும் ரெண்டு பேரும் கையில இருந்த தட்டையே திருப்பி மாத்திக்கினீங்களே, அப்போ எட்த்ததுதான் இது."

தட்சிணாமூர்த்தி பூதக்கண்ணாடியைத் திரையிலிருந்து எடுத்து, தம் வீட்டுத் தட்டை அடுக்கியவர் நின்றிருந்த வாசற்படிப் பக்கம் திரும்பினார்.