அப்புறமுங்க அண்ணன் பேப்பர் சுருட்டிய கதை

செல்போனில் சிவப்புப் பொத்தான் எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு மனிதர் கோயமுத்தூரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார். பச்சையை அமுக்குவார், பேசுவார், பேச்சு தீர்ந்ததும் "அப்புறமுங்க?" என்பார். எதிராளி வேறு வழியில்லாமல் ஏதாவது சொல்வார். அதுவும் தீர்ந்ததும் மறுபடி "அப்புறமுங்க?" எதிராளியின் பேட்டரி தீர்ந்தால்தான் அவருக்கு ஒரு பேச்சு முடியும். அதனால் அவர் எங்களுக்கு அப்புறமுங்க அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் ஆபீசில் யாருக்கும் ஞாபகமில்லை.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நான் புரோகிராம் எழுதுவேன். சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அண்ணன். பக்கத்து ஆபீசுக்கு வந்த கூரியர்காரர் தவறி எங்கள் கதவைத் தட்டினால்கூட உட்காரவைத்து, தண்ணி கொடுத்து, அவர் மாமனார் ஊரில் தனக்கு ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் விடுவார். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்ட ஒரு பெண், "சார், ப்ளீஸ், வேண்டாம்னு சொல்லிடுங்க சார், நான் அடுத்த கால் பேசணும்" என்று கெஞ்சியதை ஸ்பீக்கரில் நானே கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் கையில் சர்வரைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அன்னூர், காரமடை, பெருந்துறை என்று ஊருக்கொரு கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவர் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். தை மாத முகூர்த்தங்களுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய வெப்சைட்டில் முன்பதிவு திறந்தது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, தாய்மாமன் வீடு எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பக்கம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுக்கமுடியாத ஒரு மாப்பிள்ளை வீட்டார் அடுத்த தெரு மண்டபத்துக்கே போய்விட்டார்கள். மண்டபத்துக்காரர் பதிவை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். முன்னால் ஒரு வெப் சர்வர். வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பும். உள்ளே அப்ளிகேஷன் சர்வர். உட்காரவைத்து வேலையை முடித்துக்கொடுக்கும். உள்ளே இடத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நான் எட்டிப் பார்த்தபோது எல்லா இடமும் நிரம்பியிருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்த இணைப்புகளில் பெரும்பாலானவை ஒரு வேலையும் செய்யவில்லை. வந்த காரியம் முடிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தன. சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரத்தில் துண்டிக்கலாம் என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அதில் அண்ணன் பூஜ்யம் போட்டிருந்தார். பூஜ்யம் என்றால் ஒருபோதும் துண்டிக்காதே என்று பொருள்.

"ஏனுங்ணா, டைம்அவுட்டே இல்லாம வெச்சிருக்கீங்க?"

"வந்த இணைப்ப நாமளா எப்படிங்க அம்மணி வெட்டறது? அதா போச்சுன்னா போகட்டுங்க."

"அது என்ன சொந்தக்காரங்களாண்ணா, கோவிச்சுக்கறதுக்கு?"

"மறுக்கா புதுசாக் கூப்படறதுக்கு நேரமாகுமுங்க. அதுமில்லாம, வந்ததத் தொரத்தறது நல்லால்லீங்க."

இதில் பாதி தொழில் நியாயம், பாதி கொங்கு நியாயம். இரண்டும் கலந்ததால் பூஜ்யம் அப்படியே நின்றது. அண்ணன் தன் பங்குக்கு முன்வாசலின் வரம்பை இன்னும் பெரிதாக்கினார். சோதனைக்காக ஆபீசில் எல்லாரும் ஒன்றாகப் பதிவுப் பொத்தானை அமுக்கிப் பார்த்தோம். முன்னைவிட வேகமாகப் படுத்துவிட்டது. வாசலை அகலமாக்கி ஆட்களை உள்ளே தள்ளினால் நாற்காலி முளைத்துவிடுமா?

எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த திங்கக்கெழமையும் இப்படி ஆச்சுன்னா மண்டபத்துக்காரர் போயிருவாரு அம்மணி. இந்த மாசத்தோட அண்ணனை நிறுத்திப்போட்டு வேற ஆளப் பாக்கோணும். நீயே பதமா அவருகிட்டச் சொல்லீரு."

கம்பெனி இவருடையது, வேலையை விட்டு அனுப்புவது மட்டும் நான்! முகத்துக்கு நேராக ஒருவரைப் போகச் சொல்ல எம்.டி.க்கும் வாய் வராது. அந்த விஷயத்தில் அவரும் அண்ணனும் ஒரே ரகம். நான் சுற்றி வளைத்துச் சொல்லிமுடித்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். "இந்த வயசுல வேற எடத்துல ஆருங்க சேத்துக்குவாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் "அப்புறமுங்க" கேட்காத முதல் பேச்சு அது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை, அன்னூரில் மண்டபத்துக்காரர் மகள் கல்யாணம். முன்பே பத்திரிகை வைத்திருந்தார். சண்டை சண்டையாக இருந்தாலும் அழைத்த கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். போனோம்.

பந்தியில் அண்ணன் சாப்பிட்டு இலையை மடித்தார். மடித்தவர் எழுந்தாரா? பக்கத்தில் பெருந்துறைக்காரர் ஒருவர் சிக்கியிருந்தார். "அப்புறமுங்க?" ஆரம்பமானது. அண்ணனுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே காத்து நின்றது. மண்டபத்துக்காரர் தூரத்திலிருந்து கையைப் பிசைந்தார். சம்பந்தி வீட்டார் சாப்பிடக் காத்திருக்கிறார்கள். ஆனால் சாப்பிட வந்தவரைப் பார்த்து "எந்திரிங்க" என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒரு நாக்கும் இல்லை.

அப்போது மேசைக் கோடியிலிருந்து பந்தி ஆள் ஒருவர் விரித்திருந்த பேப்பரை எச்சில் இலைகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வந்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சுருள் அருகில் வந்தது. அண்ணன் முழங்கையைத் தூக்கினார். பிறகு டம்ளரைத் தூக்கினார். பிறகு தன்னையே தூக்கிக்கொண்டு நின்றார். அந்தக் குடும்பம் உட்கார்ந்துவிட்டது.

கை கழுவும் இடத்தில் அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். "அம்மணி, பாத்தீங்ளா? என்னைய ஆருமே எந்திரின்னு சொல்லலீங்க. ஆனா எந்திரிச்சுப்போட்டனே!"

"ஆமாங்ணா."

"எனக்கு வருத்தமும் இல்லீங்க. பீடா வேண்டாம், வாங்க, ஆபீசுக்குப் போலாம்."

பீடாவை விட்டுவிட்டு அண்ணன் கிளம்பினார் என்றால் உலகம் தலைகீழாகிறது என்று அர்த்தம். ஆபீசில் உட்கார்ந்து பூஜ்யத்தை அழித்து, சும்மா இருக்கும் இணைப்புக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார். முன்வாசலின் வரம்பை உள்ளே இருக்கும் இடத்துக்குத் தக்கபடி குறைத்தார். "சாப்பிட்டுட்டு இருக்கறவீங்க மேல கை வெக்கக்கூடாதுங்க. எலய மடிச்சவீங்களுக்கு மட்டும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். பூஜ்யம் இருந்த வரிக்கு மேலே, சர்வர் படிக்காத ஒரு குறிப்பாக, 'பேப்பர் சுருட்டுமிடம்' என்று தமிழில் எழுதியும் வைத்தார்.

திங்கட்கிழமை காலை பதிவு திறந்தது. ஊரே வந்து விழுந்தது. பக்கம் சுற்றவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், தேதி பிடித்தார்கள், எழுந்து போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மண்டபத்துக்காரர் சந்தோஷத்தில் அண்ணனைக் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லதுங்க. அப்புறமுங்க?" என்றார் அண்ணன். "நீங்கதான் சொல்லோணுங்க" என்றார் அவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் போய்வந்தபோதும் இரண்டு பேரும் இணைப்பில்தான் இருந்தார்கள்.

எம்.டி. என் மேசைக்கு வந்து குசுகுசுத்தார். "நாஞ் சொன்னத அவருகிட்டச் சொல்லீட்டியா?"

"அன்னிக்கே சொல்லீட்டனுங்க."

"அட ஆண்டவா!" கீழே ஓடிப்போய் சூடாகத் தேங்காய் பன் வாங்கிவந்து அண்ணன் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் தன் அறைக்குள் புகுந்துகொண்டார். எங்கள் ஆபீசில் மன்னிப்புக் கேட்பதும், வேலையை விட்டுப் போகவேண்டாம் என்று சொல்வதும் அப்படித்தான். அண்ணன் பன்னைப் பிட்டு எனக்கும் பாதி கொடுத்தார்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கூப்பிடுவார். அடுப்பில் குக்கர் கத்தும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், சொல்ல வேண்டியதெல்லாம் எப்போதோ சொல்லி முடித்திருப்போம். "அப்புறமுங்க அம்மணி?" என்பார். எத்தனையோ சர்வர்களில் பேப்பர் சுருட்டியவர்தான். நான் இலையை மடித்து வெகு நேரமானாலும் என் பக்கம் மட்டும் சுருட்டிக்கொண்டு வரமாட்டார். நானும் எழுந்திருப்பதாக இல்லை.