சேமியாவின் புரட்டாசிப் பாரணம்

வாழ்க கொளஞ்சிநாதன். மணிமுத்தாற்றங்கரையின் மாவீரன், பீங்கான் பொம்மைகள் கோடி பிறக்கும் விருத்தாசலம் தொழிற்பேட்டையின் பின்தெருக் காவலன், விலங்கியல் மூன்றாமாண்டின் கடைசி பெஞ்சைக் கட்டியாளும் கொற்றவன், முடிக்காத அரியர்களை இரு தோளிலும் வாகுவலயமெனத் தரித்த வள்ளல், அவன் புகழ் பாடப் புகுந்தோம். மதயானையை அடக்கியவர் பலர். முரட்டுக் காளையை அடக்கியவர் அதனினும் பலர். ஆனால் பட்டினி கிடந்த பாம்பின் முன் மண்டியிட்டு, “ஒரே ஒரு வாய் சாப்புடு செல்லம்” என்று ஆவணி மாதம் முழுக்க இறைஞ்சியவன் இப்பூவுலகில் அவன் ஒருவனே.

அந்தப் பாம்பு நம் வரப்பில் ஓடும் சாரையன்று, புற்றில் உறையும் நாகமுமன்று. ஆப்பிரிக்கப் பெருங்கானகத்தைப் பூர்வீகமாகவும், புதுச்சேரியில் நண்பன் ஆல்பர்ட்டின் அறையைப் பிறந்தகமாகவும் கொண்டு, அரசாங்கப் பதிவுச் சான்றோடு கண்ணாடித் தொட்டியேறி வந்த நஞ்சிலா நங்கை. அச்சம் வந்தால் பந்தாய்ச் சுருண்டு தன் தலையைத் தனக்குள்ளேயே ஒளித்துக்கொள்ளும் மலைப்பாம்புக் குலக்கொழுந்து. திருநாமம் சேமியா. ஆவணி பிறந்ததும் அவள் உண்ணாநோன்பு பூண்டாள். காரணம் கூறவில்லை, கோரிக்கையும் வைக்கவில்லை.

மகனின் பாம்பை ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்திராத அன்னை அம்புஜவல்லி, அது மெலிவதைக் கண்டு ஆணை பிறப்பித்தாள். “வாயில்லா சீவன் எங்கண்ணு முன்னால பட்டினி கெடந்து சாவக்கூடாது. இந்த சனிக்கெழமைக்குள்ள திங்கலன்னா ஆல்பர்ட்டு கையில குடுத்துட்டு வந்துடு. மாட்டேன்னு நின்னேன்னு வையி, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுவேன்.” மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சன்னதியில் குறையைத் தாளில் எழுதிக் கட்டினால் சாமியே நீதிபதியாய் அமர்ந்து விசாரிப்பார் என்பது இப்பக்கத்து வழக்கு. எந்தச் சாமியின் பெயரை மகனுக்குச் சூட்டினாளோ, அந்தச் சாமியின் நீதிமன்றத்திலேயே மகனைக் கூண்டிலேற்றத் துணிந்த தாயின் வீரத்தை என்னென்று புகல்வது.

கெடு முடியும் சனிக்கிழமையும் விடிந்தது. அந்தோ, அன்றுதான், அன்று மாலைதான், தொட்டியின் கண்ணாடியருகே சேமியா தலை நிமிர்த்தினாள், வில்லென வளைந்தாள், இருபிளவுச் செந்நாவை எய்து எய்து காற்றை ருசி பார்த்தாள். பசி வந்துவிட்டது. வீரன் துள்ளியெழுந்து வாசலை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் தாய் நின்றாள்.

“எங்கடா ஓடுற?”

“விமலாராணி அக்கா வூட்டுக்கும்மா. எலி எடுக்க.”

“இன்னிக்கு என்னா கெழம, என்னா மாசம்?”

வீரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டு, நெற்றியில் நாமம் தரித்து, முட்டை வைத்திருந்த தட்டைக்கூட மூன்று முறை அலம்பிக் கவிழ்த்த மனை அது.

“நானா திங்கப்போறேன்? பாம்புதானம்மா.”

“உங்கப்பாவே இந்த மாசம் பூரா முட்டயத் தொடாம ரசஞ்சோறு தின்னுகிட்டு இருக்காரு. அதுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

“மொட்ட மாடில வச்சிக் குடுத்துடறேன்.”

“மொட்ட மாடி என்னா அடுத்தவன் வூட்டுதா?” என்றவள், கெடுவையும் பாம்பின் மெலிந்த விலாவையும் ஒருசேர எண்ணி, சற்றே இளகித் தீர்ப்பளித்தாள். “திங்கணும்னா வெளிய போயித் திங்கட்டும். தின்னுட்டு, குளிச்சிட்டு உள்ள வரட்டும்.”

இது பாம்புக்கென்று புதிதாய் இயற்றப்பட்ட சட்டமன்று. புரட்டாசியில் நாக்கடக்கம் தவறிய ஆடவர் எல்லாம் வெளியே உண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வீட்டினுள் நுழைவதே பன்னெடுங்கால ஏற்பாடு. அதனால்தான் வேப்பூர் நெடுஞ்சாலையில் பிரியாணி அண்டாக்கள் அம்மாதத்திலும் ஆவி பறக்க நிற்கின்றன.

பக்கத்து வீட்டு விமலாராணியோ மாதாகோயில் பங்கைச் சேர்ந்தவள். அவள் ஃப்ரிட்ஜுக்குப் புரட்டாசி கிடையாது. அதன் உறைபனிக் குகையில்தான் கொளஞ்சிநாதனின் படைக்கலம், அதாவது ஒரு வெள்ளெலி, துயில் கொண்டிருந்தது.

“வஞ்சிர மீனுக்கு அடியில இருக்குது, எடுத்துக்க தம்பி. போன வாரம் எங்கூட்டுக்காரரு அத எடுத்து மசாலா தடவப் போயிட்டாரு.”

“அப்புறம்?”

“வாலப் பாத்துட்டு வச்சிட்டாரு.”

எலியின் உறைபனி தெளியச் சொம்பு நிறைய வெந்நீரும் தந்து, “அந்தச் சொம்பத் திருப்பிக் கொண்டாராத, நீயே வச்சிக்க” என்று அப்புண்ணியவதி விடை கொடுத்தாள்.

தலையணை உறைக்குள் சேமியாவைப் பொதிந்து மார்போடு அணைத்து, எலி மிதக்கும் சொம்பை ஹாண்டில்பாரில் மாட்டி, டிவிஎஸ் எக்ஸெல் என்னும் புரவியேறி, வேகத்தடை தோறும் வெந்நீர் தெறிக்கத் தந்தை மாயவனின் பொம்மைப் பட்டறை நோக்கி விரைந்தான் வீரன். சனிக்கிழமை மாலையாதலால் ஆட்கள் இல்லை. முந்தின நாள் எரிந்த சூளை ஆறிக்கொண்டிருந்தது. அதன் செங்கற்கள் இன்னும் மிதமாய்ச் சுட்டன. சூளைக்குள் பொம்மைகளை அடுக்கும் கனத்த தீமண் பெட்டியொன்றைப் போர்க்களமென வரித்து, அதனுள் சேமியாவை இறக்கி, இடுக்கியின் நுனியில் எலியைப் பிடித்து, முரசின்றி, சங்கின்றி, மூக்கு உறிஞ்சும் ஓசை ஒன்றே முழங்கப் போர் தொடங்கினான்.

எலி ஆடியது. சேமியா பார்த்தாள். எலி சுழன்றது. சேமியா கொட்டாவி விட்டாள். எலி கெஞ்சியது, கூத்தாடியது, செத்தபின்னும் உயிர் உள்ளது போல் நடித்தது. அவளோ, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பிடிக்காத மணமகள் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இக்குலத்தார் இரையின் வெப்பத்தையே இரையென அறிவர். வழிநெடுக வெந்நீர் சிந்தியதில் எலி ஆறிப்போயிருந்தது. ஆறிய எலி அவளுக்குக் கூழாங்கல். கெடுவோ சூரியனோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தது. ஆல்பர்ட்டின் முகம் வீரனின் மனக்கண்ணில் இளித்தது.

அப்போது, சூளையின் மறுபுறத்திலிருந்து, பட்டையும் கிராம்பும் புதினாவும் கலந்த ஒரு தெய்வீக மணம் எழுந்தது.

வீரன் எலியைச் சூளையின் செங்கல் மேல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். அங்கே, நாமம் கலையாத நெற்றியும் மடித்துக் கட்டிய வேட்டியுமாய், விரித்த வாழையிலையின் முன் சம்மணமிட்டு, லெக் பீஸை வாய்க்கும் இலைக்கும் நடுவே அந்தரத்தில் தாங்கியபடி, ரசஞ்சோற்று நாயகன் மாயவன் சிலையாய்ச் சமைந்திருந்தார்.

“நீ இங்க என்னாடா பண்ற?”

“பாம்புக்கு எர வைக்க வந்தேன். நீங்க?”

“சூள ஆறிடுச்சான்னு பாக்க வந்தேன்.”

“கையில என்னாப்பா?”

மாயவன் அதை அப்போதுதான் முதன்முதலாய்ப் பார்ப்பவர் போல் பார்த்தார். “வேப்பூருக்கு ஒரு லோடு விசயமாப் போனேன். அவங்களாக் குடுத்துட்டாங்க.”

“பார்சலாவா?”

“அம்மாகிட்ட மூச்சு வுடாத. ஒனக்கும் ஒரு பீஸு இருக்குது, உக்காரு.”

நாமம் தரித்த தந்தையும் அரியர் தரித்த தனயனும் இவ்வாறு உடன்படிக்கை பேசியிருக்க, காவலற்ற தீமண் பெட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்து, மணலில் கோடிழுத்து வந்த சேமியா, அந்தரத்தில் நின்ற அந்தச் சூடான கோழிக்காலைக் கண்டாள். மின்னல் வெட்டியது. மாயவன் கை வெறுங்கையானது. மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிய நங்கை, மசாலாவின் காரம் நாவில் ஏறியதும் அருவருத்து, புதினா ஒட்டிய தலையை உதறி, காலை மணலில் துப்பினாள்.

“லெக் பீஸுடா” என்றார் மாயவன்.

ஆனால் வீரனின் கண்கள் ஒளிர்ந்தன. அவள் பசித்திருக்கிறாள், சூட்டுக்காகத்தான் காத்திருக்கிறாள். அவளை அள்ளிப் பெட்டியில் சேர்த்துச் சூளைக்குப் பாய்ந்தான். செங்கல் மேல் மறந்து வைத்த எலி, அவ்வளவு நேரமும் இளஞ்சூடேறி, உயிர் மீண்டது போல் கதகதத்தது. இடுக்கி உயர்ந்தது. எலி ஒருமுறைதான் ஆடியது. வில்லினின்றும் விடுபட்ட கணையென, மூடிய வானைப் பிளந்த இடியென, பந்தியில் முதல் இலைக்குப் பாயும் உறவினரென அவள் பாய்ந்தாள்; கவ்வினாள்; சுருட்டினாள்; தலைமுதல் தொடங்கி, தாடை இருபுறமும் மாறி மாறி நகர, வால்நுனி கடைசியாய் விடைபெற, முழுவதும் விழுங்கினாள். வீரன் கண்ணீர் உகுத்தான். மாயவனும் உகுத்தார், வேறு காரணத்துக்காக.

இரையெடுத்த பாம்பை இரண்டு நாள் தொடலாகாது, தொட்டால் கக்கிவிடும். ஆதலால் பெட்டியைச் சூளையோரம் வைத்து, காற்றுப் புகும்படி கம்பிவலை மூடி, மேலே கல்லும் ஏற்றி, வெற்றிவாகை சூடிய இருவரும் வீடு திரும்பினர். மாயவன் வழியெல்லாம் பாக்கு மென்றார்.

“தின்னுச்சா?” என்றாள் வாசலில் அம்புஜவல்லி.

“தின்னுச்சும்மா. ரெண்டு நாளைக்கு அங்கயே கெடக்கணும்.”

“அப்பாடா” என்று அவள் நெஞ்சில் கைவைத்தாள். “சரி, இருந்துட்டுப் போவட்டும். ஆல்பர்ட்டுகிட்டல்லாம் குடுக்க வேணாம்.”

வென்றான் கொளஞ்சிநாதன். விண்ணோர் பூமாரி பொழியக் கை ஓங்கிய அவ்வேளையில், வீட்டின் பின்புறத்திலிருந்து குடங்குடமாய்த் தண்ணீர் சரியும் ஓசை கேட்டது. எத்தனையோ புரட்டாசிகள் பழக்கிய கால்கள், அவரைக் கேளாமலே மாயவனைக் கிணற்றடிக்கு நடத்திச் சென்றிருந்தன. கைகள் தலைக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தன.

அம்புஜவல்லி மகனைப் பார்த்தாள். மகன் நிலைப்படியைப் பார்த்தான். ஈரம் சொட்ட, நாமம் கரைந்து மூக்கில் வழிய, மாயவன் வந்து நின்றார்.

“பாம்புதான தின்னுச்சி. நீங்க எதுக்குக் குளிச்சீங்க?”

மாயவன் வாய் திறந்தார், பாக்கு தெரிந்தது, மூடிக்கொண்டார்.

“அதுக்கு இருக்குற ஒழுக்கங்கூட ஒங்களுக்கு இல்ல. வெளிய தின்னுச்சி, வெளியவே படுத்துக்கிச்சி. நீங்களும் ரெண்டு நாளைக்கு அங்கயே போயிப் படுங்க.”

மாயவன் தலையைத் துவட்டிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.