அக்காவின் முட்டிக்கு ஒரு மாற்று ஆள்

போடிமெட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு வருகிறவன் வேகமாக நடக்க வேண்டும். அப்போதுதான் எதிரே வருகிறவர்கள், 'கோபத்தில் உதறிவிட்டு வருகிறான்' என்று நினைப்பார்கள். நொண்டிக்கொண்டு வந்தால் துரத்திவிட்டார்கள் என்றே முடிவுகட்டுவார்கள். நான் நொண்டிக்கொண்டுதான் வந்தேன்.

உண்மையில் நானாகத்தான் விட்டேன். (என் பெயர் சன்னாசி. எந்த வேலையிலும் தங்கமாட்டான் என்று பெயர் வைத்தபோதே வீட்டில் தெரிந்திருக்கிறது.) ஏலக்காய்த் தோட்டத்தில் பச்சைக்காய் மூட்டையைச் சரிவில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போடுகிற வேலை. ஒரு வருடத்துக்கு மேலாக வலது குதிகாலுக்குப் பின்னால் வலி. தைலம் தேய்த்தேன். உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பற்றுப் போட்டேன். ஊசி போட்டேன். படுத்து ஓய்வெடுத்தால் போய்விடும். மூட்டையைத் தூக்கினால் திரும்பி வந்துவிடும். கடன்காரனுக்குக்கூட அவ்வளவு ஞாபகசக்தி இருக்காது.

வளைவு ஒன்றில் பின்னால் வந்த ஜீப் நின்றது. ஓட்டியவன் பாண்டி, எனக்குத் தெரிந்தவன். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண். நான் ஏறி உட்கார்வதற்குள் கேட்டாள்:

"வலது குதிகாலாண்ணே? காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கயில உசுரு போகுதா? கொஞ்சம் நடந்தா விட்டுட்டு, பொழுது சாய மறுபடி வலிக்குதா?"

நான் பாண்டியைப் பார்த்தேன். "குறி சொல்ற பிள்ளையாடா?"

"பிசியோதெரபி படிச்சவக. கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் மக. முட்டிவலிய ஆராய்ச்சி பண்ண வந்திருக்காக" என்றான் பாண்டி.

அவள் பெயர் நிவேதா. காய் எடுக்கிற பெண்கள் நாள் முழுக்கச் செடிக்கு அடியில் குத்தவைத்து உட்கார்கிறார்கள். சரிவில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுடைய நாள்பட்ட முட்டிவலி எதில் குறையும் என்பதுதான் ஆராய்ச்சி. ஓய்வு மட்டும் போதாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டிப் பழக்கினால்தான் மூட்டும் தசைநாணும் வலுவாகும் என்று அவள் நம்பினாள். வலிக்கிறது என்பதால் உள்ளே ஏதோ அறுந்துபோய்விட்டது என்று அர்த்தமில்லை என்றாள்.

"சொமந்து வந்த வலிக்குச் சொமையே மருந்தா? குடிச்சு வந்த தலவலிக்கு இன்னும் ஒரு கிளாஸ் ஊத்திக்கங்கிற மாதிரியில்ல இருக்கு" என்றான் பாண்டி.

"அளவு தெரிஞ்சு ஊத்தணும்ணே. அந்த அளவு என்னன்னு கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்."

போடி வந்து சேர்வதற்குள் எனக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்துவிட்டன. ஒன்று, வாசற்படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குகிற பயிற்சி. இன்னொன்று, வேலை. மலைக்கு வேலைக்குப் போகிற பெண்களை எனக்குத் தெரியும் என்பதால், ஆராய்ச்சிக்கு ஆட்களைத் திரட்டுவது, அளக்கிற நாளில் ஜீப்பில், போடியில் அவள் வாடகைக்குப் பிடித்திருந்த மண்டபத்துக்குக் கூட்டி வருவது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன். அன்று முதல் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நடந்தேன்.

முதல் அளவெடுப்பில் வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னாள் நிவேதா. எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துக் கேட்டதுதான் தப்பு. போடி ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர். முதல் பெண் "அஞ்சு" என்றாள். அடுத்தவள் அவளை ஒரு பார்வை பார்த்து "ஆறு" என்றாள். வரிசையின் கடைசிக்கு வந்தபோது விலை பத்தைத் தாண்டி, "பன்னெண்டு போட்டுக்க பாப்பா" என்றது ஒரு குரல். நிவேதா தாள்களைக் கிழித்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள்.

ஏலம் கேட்காமல் உட்கார்ந்திருந்தவள் பேச்சியம்மா மட்டும்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை; ஒரே மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சோதனைக்காகச் செய்த மரப்படியில் ஏறிவிட்டாள். இறங்கும்போது நிவேதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வலி கெடந்துட்டுப் போகுது பாப்பா. யாரையும் புடிக்காம எறங்கணும். சரிவுல பக்கத்துல இருக்கறவளப் புடிச்சுப் புடிச்சு எறங்குறேன். கங்காணி பாத்தான்னா, 'நீ வீட்டுலயே இரு'ன்னுருவான். நான் வீட்டுல இருந்தா எம்மக எப்படிப் படிப்பா?"

அதற்குப் பிறகு ஆராய்ச்சியில் அவள் அளவுக்குச் சிரத்தையாக யாரும் இல்லை. தினமும் மலையிலிருந்து வந்து, தண்ணீர்க் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முக்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுந்தாள். முதலில் கால் குடம். பிறகு அரைக் குடம். நான் விசாரிக்கப் போகிற நாட்களில் அவள் வீட்டு வாசற்படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவேன். எதிர்வீட்டு ராசாத்தி, அவளோடு ஒரே ஜீப்பில் வேலைக்குப் போகிறவள், தலையில் அடித்துக்கொள்வாள்.

"கோயில் கொடைக்கு ரெண்டு பேரும் ஆட்டம் பழகுறீகளா?"

"நீ தட்டு ஏந்தி வாடி. வசூல்ல பாதி உனக்கு" என்பாள் அக்கா. (அதற்குள் எனக்கு அவள் அக்கா ஆகியிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்காமல் தட்டை வைத்துவிடுகிறவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

மறு அளவெடுப்புக்கு முந்தைய நாள் நிவேதா என்னிடம் சொன்னாள். "ஏற்கெனவே சில பேரு ஊரவிட்டுப் போயிட்டாங்கண்ணே. இனி ஒரு ஆள்கூடக் குறையக் கூடாது. குறைஞ்சா, செஞ்சது அத்தனையும் வீணாப் போயிரும்."

"நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொல்லிக் கெடுத்த காரியங்களையெல்லாம் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் கெடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்காவின் தோட்டத்தில் மட்டும் (அங்கிருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான்) காய் பழுத்துக் கிடக்கிறது என்று விடுமுறையிலும் ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மலைக்குப் போகிற ஜீப்பிலிருந்து தலையை நீட்டி அக்கா கத்தினாள்.

"பாப்பாகிட்டச் சொல்லுடா! எனக்கு மட்டும் வேற நாள் கேளு! என் முட்டிய அளக்காம விட்றாத!"

"நான் பாத்துக்கிறேன்க்கா, நீ போ!"

இந்த இடத்தில் மலைவேலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு வர முடியவில்லை என்றால் தங்கையையோ பக்கத்து வீட்டுக்காரியையோ தன் பெயரில் அனுப்பிவிடுவாள். கங்காணி பெயரைக் கூப்பிடுவான். வந்தவள் "இருக்கேன்" என்பாள். காய் கூடைக்கு வந்தால் சரி. நானே எத்தனையோ பேருடைய பெயரில் மூட்டை சுமந்திருக்கிறேன். வேறு நாள் கேட்டால் அன்றைய கணக்கில் ஒரு ஆள் குறைந்துவிடும்; ஆள் குறையக் கூடாது என்றால் அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அறிவாளித்தனமாக ஒரு காரியம் செய்கிறேன் என்ற பெருமையோடு, பாண்டியின் மாமியார் கருப்பாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் மதியம் சாப்பாடு உண்டு என்றதும் கருப்பாயி வேறு எதுவும் கேட்கவில்லை.

"பேச்சியம்மான்னா எந்திரிக்கணும். வேற ஒண்ணுமில்ல."

"இதென்ன பெரிய சோலியா? வெரசா முடிச்சுட்டுச் சாப்பிடப் போவோம்."

நிவேதா எங்களைக் கவனித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மறு அளவை அவள் எடுக்கக் கூடாதாம். தெரிந்தவள் அளந்தால் மனசு சாயும் என்று, யாரையும் முன்பின் பார்த்திராத அருள் என்ற பையனை மதுரையிலிருந்து வரவழைத்து உள்ளறையில் வைத்திருந்தாள். அவள் அடுப்படிப் பக்கம் சாப்பாட்டுக் கணக்கில் இருந்தாள். என்னைப் போன்ற ஆளுக்கு ஆராய்ச்சி உலகமே கதவைத் திறந்து வைத்திருந்தது.

"பேச்சியம்மா!"

கருப்பாயி எழுந்தாள். உள்ளே நடந்தது கதவு வழியாகக் கேட்டது.

"உங்க வயசும்மா?"

"அதுல என்ன போட்டிருக்கோ, அதான்."

"நாப்பத்தஞ்சுன்னு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

கருப்பாயிக்கு அறுபதுக்கு மேல். ஆனால் அந்த முட்டி வைரம் பாய்ந்த முட்டி. படியில் ஆடு மாதிரி ஏறி, ஆடு மாதிரி இறங்கினாள். கடைசிப் படியைத் தாண்டிக் குதித்தாள் என்றும் அருள் பிறகு சொன்னான். வலி எத்தனை என்றதற்கு, "முட்டியில என்ன வலி? தோள்பட்டையத்தான் தூக்க முடியல. அத அளக்க மாட்டீகளா?" என்றாள்.

அருள் வெளியே ஓடிவந்தான். "மேடம்! பேச்சியம்மா பிரமாதம்! இப்படி ஒரு முன்னேற்றத்த நான் பார்த்ததே இல்ல!"

நிவேதாவின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்க வேகமாக வந்தாள். அவள் உள்ளறைக்குப் போவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"பேச்சியம்மா வந்திருக்கேன் பாப்பா."

அக்கா. பாதி வேலையில் இறங்கி, லோடு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, மலையிறங்கி வந்திருக்கிறாள். சேலையெல்லாம் சேறு.

அருள் தாளைப் பார்த்தான். "பேச்சியம்மா முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சிருச்சா? நான் இன்னும் சாகலயேடா!"

அதே நேரம் உள்ளேயிருந்து கருப்பாயி, "சாப்பாடு எங்குட்டுப் போடுறாக?" என்று கேட்டபடி வந்தாள். மண்டபத்தில் இருந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு. ஒருத்தி பெஞ்சிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்தே சிரித்தாள்.

"ஆள் குறையக் கூடாதுன்னு நீதான பாப்பா சொன்ன" என்றேன்.

நிவேதா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மரப்படியில் போய் உட்கார்ந்தாள். "ஆள எண்ணலண்ணே. இந்த முட்டி அன்னைக்கு எங்க இருந்துச்சு, இன்னைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பாக்குறேன். வேறொருத்தர் முட்டில அது எப்படித் தெரியும்?"

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மூணு மாசம் கொடத்தத் தூக்கிட்டு உக்காந்து எந்திரிச்சது நானு. படி எறங்குனது இவளா? நெசமாவே நல்லாயிருச்சா, இல்ல நானா நெனச்சுக்கிறனான்னு தெரிஞ்சுக்கத்தானடா ஓடியாந்தேன்."

கருப்பாயிகூட அதற்குள் கையில் எடுத்திருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அருள் தாளைக் கிழித்தான். "இப்பவே அளந்துருவோம்" என்றான். நிவேதா தலையாட்டினாள். வேலை செய்து, லாரியில் குலுங்கி வந்த முட்டியை அளந்தால் அதற்கு நியாயம் செய்ததாகாது. தூங்கி எழுந்து காலையில் வரட்டும், அருள் நாளை மதியம்தான் மதுரைக்குப் போகிறான் என்றாள்.

"காலைல நான் மலைல இருக்கணும் பாப்பா. இன்னைக்குப் பாதியில வந்ததுக்கே கங்காணி மொறச்சான். நாளைக்கும் போகலன்னா பேர எடுத்துருவான்."

எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது.

"நான் போறேன்க்கா" என்றேன்.

"எங்க?"

"காய் எடுக்க. உன் பேருல."

"மீசைய வச்சுக்கிட்டா?"

அப்போதுதான் அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் மண்டபத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பாண்டி சொல்லித்தான் தெரியும். அக்கா படியேறி, யாரையும் பிடிக்காமல் இறங்கினாளாம். அருள் போதும் என்ற பிறகும், "இன்னொருக்கா எறங்கிக்கிறேன் தம்பி" என்று தனக்காக ஒரு முறை இறங்கினாளாம். வலி போய்விட்டதா என்று கேட்டதற்கு, "இருக்கு, ஆனா அதுவும் எங்கூடயே எறங்கி வருது" என்றாளாம். அந்த ஆராய்ச்சியில் மொத்தமாக என்ன தெரிந்தது என்று நிவேதா ஒருமுறை எனக்கு விளக்கினாள், பாதிதான் புரிந்தது. அக்கா இன்னும் மலைக்குப் போகிறாள் என்பது புரிகிறது. நான் எந்த ஊரில் சுற்றினாலும் போடிக்கு வந்தால் அவள் வீட்டில்தான் சாப்பாடு. மகள் படிப்பு முடித்துத் தேனியில் வேலைக்குப் போகிறாள். வாசலில் என் தலை தெரிந்ததும் உள்ளே திரும்பிக் கத்துவாள்: "அம்மா, பேச்சியம்மா வந்திருக்கு! இன்னொரு தட்டு கொண்டா!"

அந்தப் பெயர் எனக்கு வந்தது மண்டபத்தில் அல்ல. அக்காவை அளந்த அதே காலையில், மலையில். விடியும்போது பெண்களுக்கு நடுவே ஜீப்பில் ஒடுங்கி உட்கார்ந்து போனேன். "ஏ ஆத்தா, புதுப்பொண்ணு வெக்கப்படுது, நகந்து இடம் விடுங்கடி" என்று ராசாத்தி வழிநெடுக என்னைக் கேலி செய்தாள். மேலே பனி. கங்காணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"பேச்சியம்மா?"

"இருக்கேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். என் மீசையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"எந்தா பேச்சியம்மே, சுகந்தன்னே?" என்று தன் மலையாளத்தில் நலம் விசாரித்தான்.

"சுகம்ணே. முட்டிதான் கொஞ்சம் நோவுது."

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவனும் சேர்ந்துகொண்டான். பெயருக்கு நேராகக் கோடு இழுத்தான். ராசாத்தி ஒரு கூடையை என் கையில் கொடுத்து, பழுத்த காய் எது, பிஞ்சு எது என்று காட்டினாள். முதல் செடிக்கு அடியில் ஈரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, எடுக்க ஆரம்பித்தேன்.