இருபத்துமூன்று வீட்டுக்கும் ஒரே ஹிராகாவா

ஒனோமிச்சி
மார்ச் 9

அன்பும் அறிவும் குறைவில்லாத மருமகப்பிள்ளை ஷூஹெய்க்கு மாமா ஹிராகாவா ஷோஜி எழுதுவது.

இங்கே மலைச்சரிவில் பிளம் பூக்கள் உதிர்ந்துவிட்டன. கடற்காற்றில் குளிர் மட்டும் இன்னும் போகவில்லை. ஒசாகாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அலுவலகத்திலேயே படுத்துக்கொள்ளும் கெட்ட பழக்கத்தை விட்டாயா என்று உன் அத்தை கசுயோ கேட்கச் சொன்னாள். உன் அம்மாவுக்கு, அதாவது என் தங்கைக்கு, என் விசாரிப்பைச் சொல். நாங்கள் இருவரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதுவது மரியாதைக்காகத்தான், உண்மையில் நான் சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நீ.

எங்கள் தெருச் சங்கத்துக்கு நீ இலவசமாகச் செய்துகொடுத்த இணையதளத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நான் நன்றி கெட்டவன் அல்ல. போன அக்டோபரில் அதைத் தொடங்கி வைத்தபோது சங்கத் தலைவன் என்ற முறையில் உன் பெயரைச் சொல்லி இரண்டு முறை கைதட்ட வைத்தேன். அதுவரை சுற்றறிக்கைப் பலகைதான். அட்டையில் காகிதத்தைச் செருகி முதல் வீட்டில் கொடுத்தால், படித்துத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிடுவார்கள், இருபத்துமூன்று வீடு சுற்றித் தலைவன் வீட்டுக்கே திரும்பி வரும். மழை பெய்தால் நனையும், பக்கத்து வீட்டுச் சகாகுச்சி அம்மாவிடம் போனால் ஊறுகாய் வாசனையோடு வரும். இதற்கெல்லாம் விடிவு வேண்டும் என்று நான்தான் உன்னைக் கேட்டேன், ஆனால் புதிதாகக் கடவுச்சொல் எதுவும் கூடாது, எங்கள் தெருவில் சராசரி வயது எழுபத்தொன்று என்றும் சொன்னேன். நீ சிரித்தாய். "கடவுச்சொல்லே வேணாம் மாமா. எல்லார்கிட்டயும் மின்னஞ்சல் கணக்கு இருக்குல்ல? அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட 'இவர் இன்னார்தானா'ன்னு நம்ம தளம் கேக்கும். அவன் ஆமாம்பான், கதவு திறந்துடும்" என்றாய். வாடகைக்கு வீடு பிடிக்கும்போது ஜாமீன்தாரர் கையெழுத்துப் போடுகிற மாதிரிதானே என்றேன். அதேதான் என்றாய். எனக்குப் புரிந்துவிட்டதில் எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம் அந்த அமர்வு. உள்ளே வந்தவரைத் தளம் எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கும் என்பதற்கு அப்படி ஒரு பெயர் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நீ வைத்ததோ பத்து நிமிடம். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் மறுபடியும் நீங்கள் யார் என்று கேட்கும். பொறுக்க முடியாமல் உனக்கு ஃபோன் செய்தேன். "முப்பத்தெட்டு வருஷம் கப்பல் பட்டறைல வேல பாத்தவன்டா நான், வாசல் காவலாளிகூட என்னை ரெண்டாவது தடவை யாருன்னு கேட்டதில்ல. இது என்ன மரியாதை?" என்றேன். "எவ்வளவு நாள் வெக்கட்டும் மாமா?" என்றாய். ஒரு வருஷம் என்றேன். "ஒரு வருஷமா! உங்க சொந்த ஃபோன்ல மட்டும்னா பரவாயில்ல, ஆனா..." என்று நீ ஆரம்பித்தாய். நீ எச்சரிக்கப் பார்த்ததை நான் இப்போது மறுக்கவில்லை. ஆனால் அப்போது பார்த்து மீன்காரர் வந்துவிட்டார், நான் சரி சரி என்று ஃபோனை வைத்துவிட்டேன், நீயும் கேட்டபடி ஒரு வருஷமாக்கிவிட்டாய்.

சொந்த ஃபோன் இல்லாத வீடு ஐந்தாறு உண்டு என்பதால் சங்கத்துக்கென்று ஒரு டேப்லெட் வாங்கினோம். சங்கக் கூடத்தில் வைத்தால் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அதில் முதல் ஆளாக உள்ளே நுழைந்தவன் நான். அன்றே குளிராக இருக்கிறதே என்று சகாகுச்சி அம்மா அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார், பார்த்தார், துணிப்பையில் போட்டு அடுத்த வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டினார். அவர்கள் பார்த்து அடுத்த வீட்டில் மாட்டினார்கள். நாற்பது வருடப் பழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் செயலர் குரஹாஷி 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தியதோடு திருப்தியடையாமல் கண்ணாடி மேலேயே முத்திரையைக் குத்திவிட்டார். சிவப்பு மையைத் துடைக்க அரை மணி ஆயிற்று. பிறகு பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டினோம், முத்திரைக்கு. சொந்த ஃபோன் வைத்திருப்பவர்களும், தெருவில் எல்லாரும் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே பார்ப்போம் என்று ஃபோனைத் தொடவில்லை. எல்லாம் அழகாக நடக்கிறது என்று நான் நினைத்தேன். தளம் மட்டும் 'பார்த்தவர்: 1 வீடு, பார்க்காதவர்: 22 வீடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மனிதர்கள் இவ்வளவு அலட்சியமாக இருப்பார்களா என்று எனக்கு வருத்தம்.

அடுத்து வந்தது வசந்தகாலத் துப்புரவு. வீட்டுக்கு ஒரு வேலை தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தோம். குரஹாஷி பட்டியலை அச்சடித்துக் குப்பை வைக்கும் இடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். சாக்கடை: ஹிராகாவா. கோயில் படிக்கட்டு: ஹிராகாவா. குப்பையை மூடும் காக்கை வலை கழுவுதல்: ஹிராகாவா. இப்படிப் பதினொன்று. ஒருத்தரும் முன்வராததால் மிச்சமெல்லாம் தலைவன் தலையில் விழுந்திருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எல்லா வேலையையும் தலைவரே பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார் என்று அவர்கள் உருகிப்போனார்கள். கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. போன ஞாயிறு காலை சாக்கடைக்குள் நான் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், போகிறவர்களெல்லாம் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தால், டேப்லெட் ஒரு சுற்று முடித்துத் திரும்பியிருந்தது. உன் அத்தை அதைத் துடைத்துப் பளபளவென்று சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள்.

அந்தச் சுற்றில் போனதுதான், ஷூஹெய், என் உயிரை வாங்கிய கேள்வி. 'அடுத்த இரண்டு வருடத்துக்குத் தலைவராக இருக்க விருப்பமா? இல்லையென்றால் காரணம்.' என் பதவி இந்த மார்ச்சோடு முடிகிறது. முடிந்ததும் ஷிகோகுவின் எண்பத்தெட்டுக் கோயிலுக்கும் கசுயோவைக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், கல்யாணமான இந்த நாற்பத்தொரு வருடத்தில் நான் கொடுத்த ஒரே வாக்கு. யாத்திரைக்கான வெள்ளைச் சட்டை இரண்டு வாங்கி மாட்டியாகிவிட்டது. ஒன்று எனக்குத் தோளில் பிடிக்கிறது என்றேன், போகப் போகத் தளர்ந்துவிடும் என்றாள். ஆகவே நான் முதல் ஆளாக 'இயலாது, யாத்திரை' என்று எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன். திங்களன்று அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டியிருக்கிறது: 'பதில் தந்தோர் ஒருவர். விருப்பம் தெரிவித்தோர் ஒருவர். போட்டியின்றித் தேர்வு: ஹிராகாவா ஷோஜி.' வீடு தேடி வந்து வாழ்த்துகிறார்கள். இதுவரை நாற்பது ஹஸ்ஸாகு ஆரஞ்சு சேர்ந்துவிட்டது.

நேராகச் சகாகுச்சி அம்மாவிடம் போனேன். "நீங்க பதிலே தரலையாமே?" என்றேன், சிரித்துக்கொண்டேதான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தலைவரே இப்படிச் சொல்றீங்க? அழுத்திட்டுத்தானே முத்திரை குத்தினேன்! முன்னாடி யாரோ யாத்திரைன்னு எழுதி வெச்சிருந்தாங்க. அதை அழிச்சுட்டு முழங்கால் வலின்னு எழுதினேன்." அழித்தீர்களா என்றேன். "பின்ன? நான் எங்க யாத்திரை போறேன்? அடுத்த வீட்டுக்காரரும் என் முழங்காலை அழிச்சுட்டுத்தான் அவர் மாமியார எழுதினாராம்." மேலே என் பெயர் இருந்ததைப் பார்க்கவில்லையா என்றேன். "பாத்தேனே. தலைவர் அனுப்பினதுன்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்." வெளியேறு என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதையாவது அழுத்தியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். "வந்தது எப்படி வந்துச்சோ அப்படியே அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும். அதுதானே தலைவரே முறை?" என்றார். 

ஆக, இருபத்துமூன்று வீடும் என் பெயரில் உள்ளே போயிருக்கிறது. துப்புரவில் அவரவர் எடுத்த வேலையெல்லாம் என் பெயரில் சேர்ந்தது, கேள்விக்கோ ஒரு கணக்குக்கு ஒரு பதில்தான். புதியது வந்தால் பழையது போய்விடும். கடைசியாக அழுத்தியவர் பதில் என் பதிலாகிவிட்டது. கடைசி வீடு புதிதாகக் குடிவந்த ஒனோதெரா தம்பதி. நல்ல பிள்ளைகள், புதிதாக வந்துவிட்டு மாட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்காது என்று மரியாதைக்கு 'விருப்பம்' என்று அழுத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நேற்றுத்தான் ஆறு ஆரஞ்சு கொடுத்தார்கள்.

ஆகையால் நீ உடனே செய்யவேண்டியது இது. என் பெயரிலுள்ள அந்த விருப்பத்தை அழித்துவிடு. அந்த டேப்லெட்டிலிருந்து என்னை வெளியேற்று. வீட்டுக்கு வீடு நீங்கள் யார் என்று கேட்கட்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கட்டும், அது மரியாதைக் குறைவு என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இருபதாம் தேதி பொதுக்கூட்டம், அன்று கைதட்டிவிட்டால் முடிந்தது. கசுயோவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியாமல் நான்கு நாளாக அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளும் பலகையையோ ஆரஞ்சுக் குவியலையோ பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்லவள்.

உன் உடம்பு நன்றாக இருக்கவும், உன் வேலையில் பிழை இல்லாதிருக்கவும், இருந்தால் அது வேறு தெருவில் இருக்கவும் இந்த மாமாவின் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
ஹிராகாவா ஷோஜி
(தெருச் சங்கத் தலைவர், இந்த மாதம் வரை மட்டும்)

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுத உன் அத்தையின் கையெழுத்துதான் அழகு என்று கொடுத்தேன். உறையை விட்டுவிட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "ஒனோதெராவை ஏன் சந்தேகப்படுறீங்க? அவங்க மாத்தி மாத்தி ராத்திரி வேலைன்னு எழுதியிருந்தாங்க. கடைசி வீடு அவங்க இல்லியே. சுத்தி முடிஞ்சு எங்க வந்துச்சு?" என்றாள். இங்கே வந்தது. நான் சாக்கடையில் இருந்தேன். "துடைக்கிறப்போ தெரியாம விரல் பட்டுடுச்சா?" என்று கேட்டேன். "தெரிஞ்சேதான் அழுத்தினேன். நீங்க ஓய்வு பெத்ததும் எட்டு மாசம் டிவி முன்னாடி பெருமூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்தீங்களே, அந்த மனுஷன் திரும்ப வந்துடுவாரோன்னு எனக்குப் பயம். இந்த ரெண்டு வருஷமா திட்டிக்கிட்டே இருந்தாலும் தினம் வெளிய போய் நாலு பேரைப் பாத்துட்டு வர்றீங்க, வந்து எங்கிட்ட சொல்லிச் சிரிக்கிறீங்க. யாத்திரைக்கு உங்களோட வந்தா எண்பத்தெட்டு எடத்துலயும் வண்டி நிறுத்த எடமில்லன்னு சண்டை போடுவீங்க. நானும் சகாகுச்சியும் பஸ்ல போறோம். கடைசிக் கோயிலுக்கு மட்டும் வந்து சேருங்க, ஒண்ணா கும்பிடலாம்" என்றாள். முழங்கால் வலிக்காரி அதே சகாகுச்சிதான். தோளில் பிடித்த சட்டை அவருடைய அளவு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கண்தான் கலங்கியது. ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. என் அமர்வு அக்டோபரில் முடிந்துவிடும் என்று நீ சொன்னதாக ஞாபகம். இரண்டு வருடத்துக்கு என்னை வெளியேற்றாதே.