விமானத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லாரிக்கு பாடி கட்டும் கொட்டகை போட்டேன். புயலில் கூரை பறந்தது, மறுபடி போட்டேன். எதிரிலேயே பெரிய ஒர்க்‌ஷாப் வந்தது, அது மூடினதையும் பார்த்தேன். மாடி வீடு கட்டினேன். இதற்கெல்லாம் மேலே ஓர் ஓவியனையும் கட்டினேன். மற்றதெல்லாம் யார் கட்டியது என்று கேட்டால் ஊரே என்னைக் கை காட்டும். ஓவியன் விஷயத்தில் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

அவன் பேர் பிளேனு. நிஜப் பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். செங்கல்பட்டு ஜில்லாவில் அவனைப் போல ஒரு பிடிவாதக்காரன் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் என் கொட்டகையில் வேலை கிடையாது. லாரிக்குப் படம் எழுத வந்தவன், மயில் எழுதச் சொன்னால் போர் விமானம் எழுதுவான். தாமரை எழுதச் சொன்னாலும் போர் விமானம்தான். அதிலும் உலக யுத்தத்தில் பறந்த பழசு. ஜனங்கள் ஏறிப் போகிற விமானத்தையாவது எழுதித் தொலையேன் என்றேன்.

"அது பஸ்ஸு, நைனா" என்றான்.

இத்தனைக்கும் ஏணியில் மூன்றாவது படி ஏறினால் அவனுக்குத் தலை சுற்றும். தண்ணீர் லாரி டேங்கில் விமானத்தை அவன் எழுதுவான். மேலே இருக்கிற ஆகாயத்தை நான்தான் ஏறி அடிப்பேன்.

சிங்கப்பெருமாள் கோயில்காரர் ஒருவர் தன் தண்ணீர் லாரிக்கு நரசிம்மர் கேட்டிருந்தார். வந்து பார்த்தால் டேங்க் முழுக்க ஸ்பிட்ஃபயர் விமானம், இறக்கையில் ஆணி ஆணியாகத் தெரிகிறது. மனுஷன் தானே நரசிம்மராகி நின்றார்.

"சாமி எங்கடா?"

"உள்ள குந்திகினு ஓட்டுறாரு சார்."

அவர் சிரித்துவிட்டதால் பிளேனு பிழைத்தான்.

என் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. திருஷ்டிப் பொட்டு இல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகாது. கருப்பு பெயிண்டில் கட்டைவிரலைத் தோய்த்து ஸ்பிட்ஃபயரின் வயிற்றில் வலது பக்கமாக ஒன்று வைத்தேன். பிளேனு அடிபட்டவன் மாதிரி கத்தினான்.

"இன்னா நைனா, வெள்ளக்காரன் பிளேனுக்கு திருஷ்டியா?"

"பிளேன் வெள்ளக்காரன்துதான். பாக்குற கண்ணு படாளத்துக் கண்ணுடா."

நான் வைப்பேன், அவன் மண்ணெண்ணெயில் துடைப்பான். அப்படித் துடைத்து அனுப்பிய ஒரு லாரி மதுராந்தகம் ஏரிக்கரையில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, விமானம் மட்டும் சேற்றில். அதற்குப் பிறகு அவன் துடைக்கவில்லை. நான் பொட்டு வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான்.

அணுபுரத்தில் குடியிருந்த ஆபீசர் ஒருவர் ஸ்பிட்ஃபயர் லாரியின் பின்னாலேயே ஸ்கூட்டரில் கொட்டகை வரைக்கும் வந்தார். அவர்தான் கேன்வாஸ் வாங்கிக் கொடுத்து எழுத வைத்தார், புத்தகம் போடுகிறவர்களையும் கூட்டிவந்தார். எழுதியதெல்லாம் என் கொட்டகையில். சட்டம் சட்டம்தான். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் கண்காட்சி வைத்துப் புத்தகத்தை வெளியிட்டார்கள். வெள்ளை வேட்டியில் போயிருந்தேன். விமானப்படையிலிருந்து ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் ஒரு படத்தின் முன்னால் குனிந்து, இந்தக் கருப்பு என்ன என்று கேட்டார்.

பிளேனு கண் சிமிட்டாமல் சொன்னான். "ஆயில் லீக் சார். பழைய இன்ஜின் எல்லாமே ஒழுகும்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் காலத்து விமானமும் அச்சு அசலாக அதே இடத்தில்தான் ஒழுகும் என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டார். நான் ஜூஸ் கிளாஸோடு தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் அந்த ஆயிலில் என் ரேகை தெரியும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எல்லாருக்கும் நன்றி போட்டிருந்தான். அணுபுரம் ஆபீசர் இருந்தார். எங்கள் டீக்கடைக்காரன்கூட இருந்தான். பிளேனுவை வெளியே இழுத்துக்கொண்டு போய், என் பேர் எங்கே என்று கேட்டேன். குனிந்துகொண்டே சொன்னான்.

"யார்கிட்டயும் கத்துக்காம தானா வந்த ஆளுன்னு எழுதிட்டாங்கோ நைனா. உன் பேரு வந்தா அது பொய்யாப் பூடும்."

அன்றோடு கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டான். இப்போது மாமல்லபுரத்தில் கடலோரமாக வீடு. மாடி கிடையாது, அவனுக்குத் தலை சுற்றும்.

போன மாதம் அவனுடைய இரண்டாவது புத்தகம் கைக்கு வந்தது. குற்றம் கண்டுபிடிக்கத்தான் புரட்டினேன். இந்தப் படங்கள் என் கொட்டகையில் எழுதியவை அல்ல, பொட்டு வைக்க நானும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம், விமானத்துக்கு விமானம், வயிற்றில் வலது பக்கமாக ஒரு கருப்பு. பிரஷ்ஷில் வைத்ததல்ல. கட்டைவிரல்.

அடியில் "ஆயில் கசிவு" என்று அச்சடித்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற புத்தகக்காரர்களுக்குச் சொல்கிறேன், அடுத்த பதிப்பில் அதை அடித்துவிட்டு என் பேரைப் போடுங்கள். பொட்டு அளவு எழுத்து போதும். போட்ட புத்தகத்தைப் பிளேனுவே கொண்டுவந்து கொடுக்கட்டும். விமானத்துக்கெல்லாம் வைத்துவிட்டான், சரி. ஊர்க் கண்ணெல்லாம் இப்போது அவன் மேல் இருக்கிறது. அவனுக்கு யார் வைப்பது?