பேரைச் சொல்லாமல் நான் காத்த ரகசியம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது.

ராயபுரத்தில் ஒரு கடை. மீன்பிடிப் படகுக்கு வேண்டிய கயிறு, வலை, மிதவை, நங்கூரம் எல்லாம் அங்கே கிடைக்கும். மாதவரத்தில் ஒரு கிடங்கு. விம்கோ நகரில் மாடி வைத்த வீடு, அதை நான்தான் நின்று கட்டினேன் (கட்டியது மேஸ்திரி என்பாள் என் மனைவி ராஜம். நின்றது யார்?). நாலாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு துணிப்பையோடு ரயிலேறி வந்தவன் நான். கடன் கேட்டால் வங்கிக்காரர் என் செருப்பைப் பார்த்தார். ஒரு புயலில் கூரை போனது. ஒரு வெள்ளத்தில் கடைக்குள்ளேயே மிதவைகள் மிதந்தன, அதையும் தரத்துக்குச் சாட்சி என்று காட்டி விற்றேன். இன்றைக்கு காசிமேட்டில் இறங்கி 'அண்ணாச்சி கடை' என்று கேட்டால் போதும், ஞானமுத்து என்ற பெயர்கூட வேண்டாம், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

இதைக் கட்ட முப்பத்தெட்டு வருடம் ஆனது. கவிழ்க்க ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடத்தையும் நானே என் சொந்த முயற்சியில் செய்தேன்.

என் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். வலை வாங்க வருகிறவன் தன் ரகசியத்தையும் கடையில் வைத்துவிட்டுப் போகிறான். வலைக்கண் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால், அவன் எந்த மீனைத் தேடிப் போகிறான் என்று சொல்லிவிடலாம். வலையைக் கடலடியில் நிறுத்தும் கல்லுக்கு எத்தனை பாகம் கயிறு வாங்குகிறான் என்று தெரிந்தால், எவ்வளவு ஆழத்தில் போடப்போகிறான் என்று சொல்லிவிடலாம். (இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம்.) அதனால் கடையில் வேறு ஆள் இருந்தால் எந்தப் படகுக்காரனும் வாயைத் திறக்க மாட்டான். காத்திவாக்கம் தேசப்பன், என் முதல் வாடிக்கையாளர், ஆள் இல்லாவிட்டாலும் திறக்க மாட்டார். மாதிரிக்குத் தொங்கும் வலைத்துண்டுக்குள் விரலை நுழைப்பார். எத்தனை விரல் நுழைகிறதோ அதுதான் அளவு. நான் தலையாட்டுவேன். வியாபாரம் முடிந்தது.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் என் மகள் ஷீபா இணையத்தில் பேஜ் ஆரம்பித்தாள். பி.காம். படித்தவள், என்னோடு சேர்ந்து கடையைப் பார்க்கிறவள்.

"அப்பா, எல்லாக் கடைக்கும் பேஜ் இருக்கு. நமக்குத்தான் இல்ல."

"நமக்குக் கடையே இருக்கே பிள்ள. பேஜ் எதுக்கு?"

அவள் கேட்கவில்லை. ஒரு நங்கூரத்தைப் படம் எடுத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் யாரோ அதற்கு இதயம் கொடுத்திருந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ படம்.

"யாரு இது?"

"தெரியலப்பா. யாரோ."

"யாரோ ஒருத்தன் எதுக்கு நம்ம நங்கூரத்துக்கு இதயம் குடுக்கான்?"

"விடுங்க," என்றாள் ராஜம். "நீங்களும் குடுக்க மாட்டிய, குடுக்கிறவனையும் விட மாட்டிய."

நான் விடவில்லை. எதிரே இன்னொரு வலைக்கடை இருக்கிறது. அதன் வாசலில் தொட்டியில் ஒரு ரோஜாச் செடி. எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. இரண்டு வாரம் அந்தக் கடைக்காரரின் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கவில்லை. (ரோஜாப்பூ, பாளையங்கோட்டையில் இருக்கும் ராஜத்தின் தங்கை என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு நங்கூரம் எதற்கு என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.)

அதன்பின் தினமும் யார் யார் நம் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று ஷீபாவைப் படிக்கச் சொல்லிக் கேட்பது என் காலை வேலையாயிற்று. சரக்கு வந்ததா என்று கேட்க மறந்துபோனேன். பார்த்தவர்களும் சாதாரண ஆட்களாக இல்லை. விலை மட்டும் கேட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். விலை கேட்டவர்கள் எல்லாம் வாங்கியிருந்தால் வங்காள விரிகுடாவையே பந்தல் போட்டது போல மூடியிருக்கலாம். ஒருநாள் தெற்குச் சென்னை அடுக்குமாடியிலிருந்து ஒரு ஆள் ஃபோன் செய்தார்.

"சார், புறாவுக்கு வலை இருக்கா?"

புறா பிடிக்க வலை விற்கிறேனா என்று ஆழம் பார்க்கிறான், வனத்துறை ஆளாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

"யாருகிட்ட விசாரிக்கிய? இந்தக் கடையில புறா வந்து உக்காந்ததுகூடக் கெடையாது," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பால்கனியில் புறா நுழையாமல் கட்டுவதற்குத்தான் கேட்டாராம். 'புறா என்றாலே கடைக்காரர் கோபப்படுகிறார்' என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று. முப்பத்தெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மதிப்பெண் அது.

அதைக்கூடப் பொறுத்தேன். அடுத்து வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முகமும் இல்லை, பூவும் இல்லை. 'இங்கே எல்லாம் பழைய சரக்கு. போட்காரங்க யாரும் இப்போ வாங்குறதில்ல' என்று ஒரு வரி.

"பதில் சொல்லாதீங்கப்பா. சொன்னா பெருசாகும்," என்றாள் ஷீபா. கிடங்கில் சரக்கு இறக்க வேண்டியிருந்ததால் மாதவரம் போனாள். கடை ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் செய்த ஒரே தவறு அது.

புது மிதவை வந்தபோது அவள் லைவ் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிவப்பாக இருப்பதைத் தொட வேண்டும். சிவப்பு எது என்று தெரிய நாலாம் வகுப்பு தாராளம். ஃபோனைத் தராசில் சாய்த்து வைத்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

"யாரோ ஒரு ஆளு பழைய சரக்குன்னு எழுதியிருக்கான். அவனுக்குச் சொல்லுதேன், கேட்டுக்கோ. காத்திவாக்கத்துல ஒரு பெரிய போட்காரர். பேரு சொல்ல மாட்டேன். அது தொழில் தர்மம். என்ன மீனுன்னும் சொல்ல மாட்டேன். எந்த எடமுன்னும் சொல்ல மாட்டேன். இன்னைக்கி நம்ம கடையிலதான் புது வலை எடுக்காரு. இந்தா, இந்தக் கண்ணி."

நாலு விரலை வலைக்குள் நுழைத்து, நன்றாகத் தெரியட்டும் என்று ஃபோனுக்குக் கிட்டே கொண்டுபோய் ஆட்டிக் காட்டினேன். நாலு விரல் நுழைந்தால் அது வெள்ளை வவ்வால் மீனுக்கான வலை என்று கடலோரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் மீனின் பெயரை நான் சொல்லவில்லை.

"பழைய சரக்கு வாங்குறவன் எதுக்குல பதினெட்டுப் பாகம் புதுக் கயிறு வாங்குதான்?" என்று கேட்டு, இரண்டு கையையும் விரித்து விரித்துப் பதினெட்டையும் அளந்து எண்ணிக் காட்டினேன். (எட்டாவது பாகத்தில் மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.) ஊரும் ஆழமும் தெரிந்தால் மீதியைப் படகுக்காரன் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் இடத்தின் பெயரையும் நான் சொல்லவில்லை.

எனக்குப் பின்னால் அன்று சாயங்காலம் வண்டியில் ஏற்றவேண்டிய மூட்டை இருந்தது. மாறிப்போகக் கூடாதே என்று அதன்மேல் 'தேசப்பன், காத்திவாக்கம்' என்று காலையில் நானே மையால் எழுதியிருந்தேன். என் எழுத்து குண்டு குண்டாக, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் படிக்கிற மாதிரி இருக்கும். பாராட்டாதவர்கள் கிடையாது.

பேச்சு முடிந்து இரண்டு மணி நேரத்தில் கடையில் கூட்டம். திருவொற்றியூர் எத்திராஜ் வந்தார். எதிர்க்கடையின் நிரந்தர வாடிக்கையாளர் அவர்.

"அண்ணாச்சி, அந்த நாலு வெரல் வலை கீதா?"

"இருக்கு. கயிறு எவ்வளவு வேணும்?"

"அதே பதினெட்டு குட்த்துடு. உங் கையால அள. நல்லா அளக்கற நீ."

அவருக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர். எல்லோருக்கும் நாலு விரல், எல்லோருக்கும் பதினெட்டு. ரோஜாச் செடியைச் சந்தேகப்பட்டேன், புறாவைச் சந்தேகப்பட்டேன், இதைச் சந்தேகப்படவில்லை. என் முகத்துக்குத் திரையில் இவ்வளவு மதிப்பா என்றுதான் தோன்றியது. ஷீபா களைத்துப்போய்த் திரும்பி வந்தாள்.

"என்னப்பா, வலை ரேக்கு காலியா கெடக்கு?"

"லைவ் பேசினேன் பிள்ள. பேச்சுன்னா அப்படி இருக்கணும்."

"எதப் பத்திப் பேசினீங்க?"

"தொழில் தர்மத்தப் பத்தி."

எட்டாம் நாள் தேசப்பன் வந்தார். வலைத்துண்டின் பக்கமே போகவில்லை. நேராக ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் தடவையாக என் கடையில் வாய் திறந்தார்.

"அண்ணாச்சி, புது வலைய கட்டி முட்ச்சி நேத்து காலைல என் எடத்துக்குப் போனேன். அங்க ஒரு ஊரே கீது. ஒன்பது போட்டு. திருநாளாட்டம் கீது. எத்திராசு எனக்கு டீ குட்க்கறான். என் எடத்துல, எனக்கு, டீ."

நான் பதறிப்போனேன்.

"எத்தினி வர்சமா தேட்ன எடம் தெரிமா? வூட்ல கூட சொல்லல. என் போட்ல ரெண்டு ஆளுங்க கம்பெனி வேலைக்கிப் பூட்டானுங்க. இந்த எடத்த நம்பிதான் அவுங்கள திரும்ப இட்டாந்தேன். இப்ப இன்னா சொல்லி அனுப்பறது?"

அவரைவிட எனக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விசாரணையை ஆரம்பித்தேன். மூட்டை ஏற்றிய ஆளைச் சந்தேகப்பட்டேன். வண்டிக்காரரைச் சந்தேகப்பட்டேன். எதிர்க்கடைக்காரர் சுவரில் ஓட்டை போட்டுக் கேட்கிறாரா என்று சுவரைத் தட்டிப் பார்த்தேன் (நடுவில் தெரு இருக்கிறது என்பது பிறகுதான் நினைவு வந்தது). படகில் வழிகாட்டும் கருவி காட்டிக் கொடுத்திருக்கும் என்றேன். கடைசியில் என் மகள் பக்கம் திரும்பினேன்.

"எல்லாம் ஒன் ஃபோன் வேலையா இருக்கும். அது ஒட்டுக்கேக்குது."

ஷீபா ஃபோனை எடுத்து எதையோ தேடி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். என் குரல் வந்தது. பேரு சொல்ல மாட்டேன். அது தொழில் தர்மம்.

தேசப்பன் ஏழு நிமிடத்தையும் பார்த்தார். ஒரு விநாடியைக்கூடத் தாண்டவில்லை. பதினெட்டுப் பாகத்தையும் என்னோடு சேர்ந்து எண்ணினார். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டு ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பின்னாடி மூட்ட மேல இன்னாமோ எய்திகீது, பாரு."

பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

"தேசப்பா, பேர நான் வாயால சொல்லலயே," என்றேன்.

"ஆமா. வாயால நீ சொல்லல," என்று எழுந்து போய்விட்டார்.

அதன்பின் கடை ஆஸ்பத்திரி போலாகிவிட்டது. படகுக்காரர்கள் வருவார்கள், கேமரா எங்கே இருக்கிறது என்று கூரையைப் பார்ப்பார்கள், மின்விசிறியைப் பார்ப்பார்கள், என் சட்டைப்பையைப் பார்ப்பார்கள், ஒரு நூல்கண்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வலை வாங்க எதிரே போனார்கள். வெள்ளமும் புயலும் செய்யாததை ஒரு மூட்டையும் நானும் செய்திருந்தோம். தேசப்பன் திரும்பி வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்றாள் ஷீபா. எனக்கும் அது தெரியும். ஒரு வாரம் தெரியாதது போல உட்கார்ந்திருந்துவிட்டு, காத்திவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

கழிமுகத்தோரம் படகு நிழலில் தேசப்பனும் அவர் மனைவி முனியம்மாவும் கிழிந்த வலையை முடைந்துகொண்டிருந்தார்கள். முதலில் பேசியது அந்தம்மாதான்.

"வா அண்ணாச்சி. செல்லு எட்த்துகினு வந்துகிறியா?"

"இருக்கும்மா."

"அத்த அந்த எறா கூடைல போட்டு மூடு. அப்பால வந்து குந்து."

போட்டு மூடினேன். (அந்த ஃபோனைக் காதில் வைத்தால் இன்றும் இறால் வாசம் வருகிறது.) மணலில் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னய மன்னிச்சிரு தேசப்பா. தப்பு எம்மேலதான். ஆனா பேரு..."

"பேரு சொல்லலன்னு இன்னொரு வாட்டி சொன்ன, கூடையோட தூக்கித் தண்ணில போட்ருவேன்," என்றாள் முனியம்மா, முடைகிற ஊசியை நிறுத்தாமல்.

தேசப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டுச் சொன்னார்.

"சரக்கு உன்னுதுதான் நல்லா கீது. அங்கதான் வாங்குவேன். ஆனா அந்தப் பேஜ எட்த்துடு. கடைக்குள்ள எவனும் செல்லு எடுக்கக் கூடாது. போர்டு வை. இன்னொண்ணு, நான் வரசொல்லோ நீ உள்ள இருக்கக் கூடாது. பாப்பா இருந்தா போதும்."

"என் கடையில நான் இல்லாமலா?"

"உங் கடைதான். நீ டீ குடி."

அப்படியே ஒப்பந்தமானது. தேசப்பன் கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் பக்கத்து டீக்கடைக்காரர் எனக்கு ஒரு கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். மற்றப் படகுக்காரர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். நான் டீக்கடையில் நிற்பது தெரிந்தால்தான் உள்ளே நுழைகிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். ராஜத்தின் தங்கை மகனுக்குப் பெண் பார்த்தபோது, முக்கியமான பேச்சு ஆரம்பித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அத்தான், ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்," என்றாள் ரோஜாப்பூ. குடித்துவிட்டு வந்தேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அதெல்லாம் போகட்டும். என் கேள்வி வேறு. 'கடைக்குள் செல்போன் எடுக்கக் கூடாது' என்ற போர்டு இன்றைக்கு எங்கள் தெருவில் எல்லா வலைக்கடையிலும் தொங்குகிறது, எதிர்க்கடை உட்பட. போன கூட்டத்தில் எங்கள் வலைக்கடைச் சங்கத் தலைவர், 'நம் சங்கம் கொண்டுவந்த கட்டுப்பாடு' என்று பேசிக் கைதட்டு வாங்கிக்கொண்டார். சங்கம் எங்கே கொண்டுவந்தது? ஏழு நிமிடம் மூச்சுப் பிடித்துப் பேசியது யார்? இறால் கூடை முன்னால் மணலில் உட்கார்ந்தது யார்? அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும்: ஒவ்வொரு போர்டின் கீழும் 'உபயம்: ஞானமுத்து' என்று இருக்க வேண்டும். அதை அவர்கள் பேசி முடிக்கும்வரை, வேண்டுமானால், நான் வெளியே நிற்கிறேன்.