செக்கரின் தொப்பி இளைத்த கதை

குளியலறைக் கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு துண்டுத்தாள் உள்ளே நழுவி வந்தது. செக்கர் அப்போது தலை முழுக்க சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தார்.

“என்னடி அது, கால்ல ஒட்டுது?”

“ரசீதுங்க. நம்பர் பதினேழு.”

“எதுக்கு?”

“நீங்க சோப்பு போடறீங்க, குழாய் சும்மா ஓடுது.”

“கண்ணுல சோப்பு! குழாய் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியலை!”

“தெரியலைங்கறது டிக்கெட் ஆகாது” என்றாள் மனைவி. “ஐம்பது. துவட்டிக்கிட்டே வந்து குடுங்க. நோட்டு நனைஞ்சிடப் போகுது.”

செக்கருக்குக் கண் எரிந்தது. அதைவிட அதிகமாக அந்த வாக்கியம் எரித்தது. ஏனென்றால் அது அவருடைய வாக்கியம். அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். இருபத்திரண்டு வருடமாக எந்த நிறுத்தத்திலாவது திடீரென்று ஏறுவார், கையை நீட்டுவார். “தெரியாம ஏறிட்டேன் சார்” என்று யார் கெஞ்சினாலும், “தெரியலைங்கறது டிக்கெட் ஆகாது” என்று சொல்லி அபராத ரசீதைக் கிழித்துக் கையில் கொடுப்பார். அந்த ஊர்ப் பேருந்துகளில் அவரைப் பார்த்து அழாத ஆளில்லை. வீட்டில் மட்டும் நிலைமை வேறு.

இத்தனைக்கும் இந்த அபராதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு ரசீதும் போட்டுக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான்.

நடந்தது இதுதான். மகளுக்கு நில அளவைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அவள் பிறவியிலேயே அளவைக்காரி. வீட்டில் அளக்காத பொருள் கிடையாது. கதவு, கட்டில், அப்பாவின் தொப்பை எல்லாவற்றுக்கும் அவள் நோட்டில் கணக்கு இருந்தது. கட்டணத்துக்கு வேண்டிய பணத்தைச் செக்கர் சம்பளத்திலும், அம்மா துணி தைத்துச் சம்பாதித்ததிலும் சேர்த்து வைத்தாயிற்று. அப்பாடா என்று உட்கார்ந்தபோது கல்லூரியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ‘இவ்வருடம் முதல் வளர்ச்சிக் கட்டணம்: இரண்டாயிரத்து நூற்றைம்பது.’

“யாரோட வளர்ச்சிக்கு?” என்று கேட்டார் செக்கர்.

“கட்டணத்தோட வளர்ச்சிக்குப்பா” என்றாள் மகள். “இரண்டு மாசத்துல கட்டணுமாம். இல்லைன்னா என் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்.” சொல்லும்போது சிரித்தாள். கடிதத்தை மடிக்கும்போது சிரிக்கவில்லை. ஓரத்தோடு ஓரம் சேராமல் மடித்தாள். அவள் அப்படி மடிக்கிறவளே இல்லை.

செக்கர் எழுந்து நின்றார். வீட்டுக்குள்ளேயே தொப்பியை மாட்டிக்கொண்டார். “இந்த வீட்டுல வீணடிக்கிறதுதான் பிரச்சினை! இன்னையிலிருந்து அபராதம்! லைட், ஃபேன், குழாய், எதை வீணா விட்டாலும் ஐம்பது. பார்த்தவங்க ரசீது எழுதலாம். மன்னிப்பே கிடையாது!”

மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். “வீட்டுச் செலவுப் பணத்திலேயிருந்து எடுத்துக் கட்டலாமா?”

“கூடவே கூடாது! அவங்கவங்க சொந்தக் காசு!”

“சரிங்க” என்றாள்.

இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரே தடவையில் அவள் ‘சரிங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ள ஆளாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். செக்கர் கடைக்குப் போய் ரசீதுப் புத்தகமும், அபராதக் காசு போட ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே முதல் ரசீது விழுந்தது. அவர் பெயரில். படுக்கையறையில் ஃபேனைப் போட்டுப் படுத்திருந்தவரை மனைவி அடுப்படியிலிருந்து, “என்னங்க, கொஞ்சம் வாங்களேன்!” என்று கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று ஓடினார். ரசீதை நீட்டினாள்.

“பொண்டாட்டி கூப்பிட்டதும் ஓடி வர்றது ஒரு குத்தமா?”

“நீங்க ஓடி வந்தது குத்தமில்லைங்க. அங்கே ஃபேன் ஓடுது பாருங்க, அது குத்தம்.”

ரோஷம் வந்துவிட்டது செக்கருக்கு. ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார், உள்பக்கத் துணியை விலக்கினார், ஐம்பதை உருவி டப்பாவில் போட்டார். போட்ட பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் மனைவியிடம் கொடுக்கிறவர் அவர். அப்படிப்பட்டவரிடம் சொந்தக் காசு ஏது? தொப்பிக்குள் அது எப்படிப் போனது?

மனைவி தொப்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். வெளியூர் டியூட்டிக்குக் கிடைக்கும் பேட்டாவை அவர் வீட்டில் சொல்லாமல் பதினொரு மாதமாகத் தொப்பிக்குள் அடுக்கி வந்தார். ரீல் வைத்த தூண்டில் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் அவர் வெறும் கம்போடு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் டிரைவர் நண்பர் ரீலைக் கிர்ர் என்று சுற்றுவார். அந்தச் சத்தம் அவருக்குத் தூக்கத்திலும் கேட்கும். கெட்ட மனுஷன் இல்லை. ஆசைப்பட்டுவிட்டார், அவ்வளவுதான். வளர்ச்சிக் கட்டணக் கடிதம் வந்த நாளிலேயே தொப்பியைக் கழற்றிக் கொட்டியிருக்கலாம். ‘அப்ப இவ்வளவு நாளா?’ என்று ஒரு கேள்வி வருமே! அதற்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டார்.

எதிரிகளைப் பிடிக்க அவரும் முயன்றார். பேருந்தில் ஏறுவது போலவே வீட்டுக்குள் திடீரென்று நுழைந்தார். பின்வாசல் வழியாக வந்தார். திரைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்று தும்மினார். இப்போதுதான் அணைத்தார்களா என்று பார்க்கப் பல்பைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். மகள் மட்டும் ஒரே ஒரு தடவை மாட்டினாள். படித்தபடியே தூங்கிவிட்டாளாம். ஐம்பதை எண்ணி வைத்தாள். மனைவி மாட்டவே இல்லை.

ஒருநாள் காலையில் இஸ்திரிப்பெட்டி சூடாக, அனாதையாக நின்றது. செக்கர் துள்ளிவிட்டார். “மாட்டிக்கிட்டீங்களா!” என்று கத்தி, கேட்பதற்கு முன்பே ரசீதை எழுதிக் கிழித்தார்.

“யார் பேர் போட்டீங்கப்பா?” என்றாள் மகள்.

“யார் விட்டாங்களோ அவங்க பேர்!”

“அது உங்க சட்டை. நீங்கதான் தேய்ச்சுக்கிட்டிருந்தீங்க. போன் வந்துச்சுன்னு எழுந்து போனீங்க.”

செக்கர் பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

இப்படியே நாள் ஓடியது. மனைவி கூப்பிடுவாள், இவர் ஓடுவார், ஃபேன் ஓடும். டப்பா நிறைந்தது. தொப்பி இளைத்தது. “அப்பா, உங்க தொப்பி முன்ன மாதிரி நிமிர்ந்து நிக்கலையே” என்றாள் மகள் ஒரு சாயங்காலம், அளவுநாடாவோடு. “அரை சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு.”

“வெயில்ல சுருங்கியிருக்கும்” என்றார் செக்கர்.

“துணி சுருங்கினா இறுகணுமே” என்றாள் தையல் தெரிந்த அம்மா. “இது தொளதொளன்னு ஆகியிருக்கு.”

பணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின மாலை மூன்று பேரும் டப்பாவைக் கவிழ்த்தார்கள். நாற்பத்தோரு ரசீது. நாற்பது அவர் பெயரில். இரண்டாயிரத்து ஐம்பது இருந்தது.

“இன்னும் நூறு வேணுங்க” என்றாள் மனைவி. “பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்கட்டுமா?”

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு டப்பாவின் அடிப்பக்கத்தையே பார்த்தாள். செக்கரின் தொப்பிக்குள் கடைசியாக இரண்டு ஐம்பது மிச்சம். தூண்டில் கனவு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இப்போது எடுத்து நீட்டினால் அது அபராதம் ஆகாது. ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். தொண்டையைச் செருமினார். “காலையில பார்த்துக்கலாம்” என்று எழுந்துபோனார்.

காலையில் கல்லூரிக்குக் கிளம்பி அம்மாவும் மகளும் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மனைவி திரும்பிப் பார்த்து, “என்னங்க, முன்னறை ஃபேனையும் லைட்டையும் அணைச்சுட்டு வாங்க” என்றாள்.

செக்கர் சுவிட்சு மேல் விரலை வைத்தார். மேலே ஃபேன் சுற்றியது. ரீல் மாதிரியே கிர்ர் என்றது. சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. ஃபேன் ஐம்பது, லைட் ஐம்பது! விரலை எடுத்தார். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார்.

பேருந்தில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி, இரண்டு நோட்டையும் கம்பீரமாக நீட்டினார். “அடடா, மறந்துட்டேன். ஃபேனும் லைட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டு ரசீது எழுது.”

மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மனைவி நோட்டுகளை வாங்கி வைத்தாள். பையிலிருந்து இரண்டு ரசீதுகளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நம்பர் நாற்பத்திரண்டு, ஃபேன். நாற்பத்து மூன்று, லைட். கீழே முந்தின நாள் தேதி.

“பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு சாவி குடுத்துட்டுத்தான் வந்தேன்” என்றாள். “இந்நேரம் அணைச்சிருப்பாங்க.”

செக்கர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் அணைக்காம வருவேன்னு நேத்தே உனக்கு எப்படிடி தெரியும்?”

“இதுல என்னங்க அதிசயம்?” என்றாள் மனைவி. “இருபது வருஷமா கிளம்பும்போதெல்லாம் சொல்றேன். என்னைக்கு அணைச்சீங்க?”